இயல்பான மழை பெய்யும் வரை

விமானத்தில் போயிருக்கலாம். கோவைக்கு ஒரு மணி நேரம்தான். சீட்டுகூட அனுப்பிவிட்டார்கள், சன்னலோர இருக்கை, சைவச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து. நான்தான் திருப்பி அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்களா? பரவாயில்லை, நானே சொல்கிறேன். நீங்கள் திருப்பூரில்தானே இறங்குகிறீர்கள்? அதுவரை நூல் விலையைப் பற்றித் தொலைபேசியில் கத்திக்கொண்டு வருவதைவிட, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவது உங்களுக்கும் நல்லது, இந்தப் பெட்டியில் உறங்க முயல்பவர்களுக்கும் நல்லது.

என் பெயர் வசுமதி. அரசுக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். எவரிடமிருந்தும் எதையும் வாங்கிக்கொள்ளாதவள் என்று எனக்கொரு பெயர் உண்டு. அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவொன்றில் உறுப்பினராக இருந்தேன். கூட்டத்துக்கு என் காபியை நானே பிளாஸ்கில் கொண்டுபோவேன். குவளையும் என்னுடையது. பிஸ்கட்டும் என்னுடையது. ஒருநாள் மின்விசிறி என் பக்கம் மட்டும் அதிகமாகச் சுழல்வதாகத் தோன்றியது. எழுந்து வேறு இருக்கைக்குப் போனேன். சிரிக்காதீர்கள். நேர்மை என்பது இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

குழு எதற்காக என்றால், உதிரி சிகரெட்டுக்காக. பெட்டிக்கடைகளில் ஒற்றை சிகரெட்டாக உருவி விற்கிறார்கள் அல்லவா, அதைத் தடை செய்யலாமா என்று பார்க்க. முழுப் பெட்டி வாங்கினால் அதன்மேல் புண்ணான வாயின் படம் இருக்கும். ஒற்றை சிகரெட்டில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. மேலும், பள்ளிக்கூடத்துப் பையனிடம் முழுப் பெட்டிக்குக் காசு இருக்காது, ஒன்றுக்கு இருக்கும். இந்த வாதத்தைக் குழுவில் வைத்தவள் என் சிநேகிதி பிலோமினா. வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர். தூத்துக்குடிக்காரி. மாணவியர் விடுதியில் நாங்கள் ஒரே அறை. ஊரில் எல்லோரும் என்னைப் பேராசிரியர் என்பார்கள். அவள் மட்டும் "ஏட்டி" என்பாள், குழுத் தலைவர் முன்னிலையிலும்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. நல்ல மனிதர். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவார். போட வேண்டாம் என்றால் மூடியை மாட்டிப் பேனாவைப் பையில் வைத்துக்கொள்வார்.

பிலோமினாவும் அவளுடைய மாணவர்களும் சில நகரங்களில் கல்லூரி மாணவர்களிடம் கணக்கெடுத்தார்கள். புகைக்கிறவர்களில் பெரும்பாலோர் முதன்முதலில் புகைத்தது கடையில் வாங்கிய ஒற்றை சிகரெட்டைத்தான் என்று தெரிந்தது. வரைவு விதியும் தயார். தலைவர் பேனாவை எடுத்துவிட்டார். அப்போதுதான் திரு. சாரநாதன் எழுந்து, "ஒரு சின்ன சந்தேகம், இந்தக் கணக்கை மேடம் ஒரு தடவை சரிபாத்துட்டாங்களா?" என்றார்.

சாரநாதன் யார் என்று சொல்லவில்லையே. சிறப்பு அழைப்பாளர். சிறுவணிகர் வாழ்வாதார மன்றம் என்ற அமைப்பின் சார்பாக வந்தவர். மெலிந்த உருவம், வெள்ளைச் சட்டை, பேசுமுன் கண்ணாடியைத் துடைக்கிற வழக்கம். முதல் கூட்டத்திலேயே நான் அவரை நேருக்கு நேராகக் கேட்டேன்: "உங்கள் மன்றத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?"

"நிறைய நல்லவங்க குடுக்கறாங்க மேடம். சிகரெட் கம்பெனியும் குடுக்கறாங்க. உங்ககிட்ட மறைக்க முடியுமா?"

பிலோமினா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். எனக்கோ அந்த வெளிப்படைத்தன்மை மிகவும் பிடித்துவிட்டது. தன் முகவரியைத் தானே சொல்லிவிட்டுத் திருடுகிறவன் உண்டா? நீங்கள் வியாபாரி, நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக அவரை நான் விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தீபாவளிக்குப் பாதாம் அல்வா அனுப்பினார். வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினேன், கூடவே கடிதமும் வைத்து: "தங்கள் அல்வா என் கருத்தை மாற்றாது, ஆனால் என் மரியாதையை மாற்றக்கூடும்." என் கணவர் அந்த ஆட்டோவை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பொங்கலுக்குக் கரும்பு வந்தது, திருப்பி அனுப்பினேன். நாட்காட்டி வந்தது, திருப்பி அனுப்பினேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் வெறுங்கையோடு வந்தார். வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்:

"மேடம், தப்பா நினைக்காதீங்க. யூனிவர்சிட்டி லைப்ரரியில உங்க தீசிஸ் படிச்சேன்."

உங்களுக்கு இது புரியாது. நூல் வியாபாரத்தில் ஒருவர் உங்கள் நூலை வாங்குவார், நெய்வார், உடுத்துவார். ஆய்வேட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "தமிழ்நாட்டு மழைமானிப் பதிவுகளில் மாதிரியெடுப்புப் பிழைகள்" என்பது என் ஆய்வேடு. எங்கே, எப்போது, எத்தனை இடத்தில் மழையை அளந்தால் அந்தக் கணக்கை நம்பலாம் என்பதுதான் கேள்வி. என் நெறியாளர் நன்றியுரையை மட்டும் படித்தார், தம் பெயர் இருக்கிறதா என்று பார்க்க. என் கணவர் அதைத் தொலைக்காட்சிக்கு உயரம் போதவில்லை என்று அடியில் வைத்தார். பிலோமினாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன்; "அட்டை நல்லாருக்குட்டி" என்றாள்.

சாரநாதன் படித்திருக்கிறார். "நாலாவது அதிகாரம் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல மேடம்" என்றார். "என்ன ஒரு கறார்! எனக்கு சயின்ஸ் தெரியாது. ஆனா ஒண்ணு தோணிச்சு. டாக்டரம்மா எடுத்த இந்தக் கணக்கை உங்க நாலாவது அதிகாரத்து அளவுகோல்ல வச்சுப் பாத்தா, தேறுமா?"

நான் வைத்துப் பார்த்தேன். தேறவில்லை.

தேறவில்லை என்றால் தேறவில்லைதான். அதைச் சிநேகிதி எடுத்தால் என்ன, எதிரி எடுத்தால் என்ன? நகரங்களில் மட்டும் எடுத்திருந்தார்கள்; கிராமம் இல்லை. தேர்வு நடக்கிற கோடையில் மட்டும் எடுத்திருந்தார்கள், மழைக்காலம் இல்லை. மழைக்காலத்தில் மாணவர்கள் புகைப்பது கூடுமா, குறையுமா? நனைந்துகொண்டு கடைக்குப் போவார்களா, விடுதி அறையிலேயே இருந்துவிடுவார்களா? எவருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாது என்பதை எழுத்தில் கொடுத்தேன்: "கிடைத்துள்ள தரவுகளைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வர இயலாது. எல்லா மாவட்டங்களிலும், எல்லாப் பருவங்களிலும் ஆய்வு தேவை." அந்த வாக்கியங்களில் ஒரு சொல்லைக்கூட எவராலும் மறுக்க முடியாது. தலைவர் பேனாவுக்கு மூடி மாட்டினார்.

வெளியே வராந்தாவில் பிலோமினா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? சிகரெட்டு குடிக்கதுக்கும் மழை பெய்யதுக்கும் என்னட்டி சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லை என்று ஆய்வு செய்து நிறுவினாயா?"

"நீ குடையைப் பிடிச்சுக்கிட்டு அலை. அவன் அங்க சிரிச்சுக்கிட்டு போறான் பாரு."

திரும்பிப் பார்த்தேன். சாரநாதன் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதிய ஆய்வுக்குச் செலவு யார் செய்வது என்ற பேச்சு வந்தபோது, அரசிடம் அதற்கென்று ஒதுக்கீடு இல்லை. சாரநாதனின் மன்றம் முன்வந்தது. நான் அவ்வளவு எளிதில் சம்மதித்துவிடவில்லை. "வினாநிரலை நான்தான் எழுதுவேன். ஒரு கேள்வியைக்கூட நீங்கள் பார்க்கக் கூடாது. கணக்கெடுப்பவர்களோடு பேசக் கூடாது. இடையில் விசாரிக்கவும் கூடாது" என்று நிபந்தனைகள் போட்டேன். அத்தனைக்கும் தலையாட்டினார். சொன்னபடியே நடந்தார். பணம் கொடுத்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதுவரை வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் காலத்தில் அப்படியொரு கண்ணியத்தை எங்கே காண முடியும்? பிலோமினாவிடம் சொன்னேன். அவள் சொன்னாள்:

"எட்டிப் பாக்கதுக்கு என்ன இருக்கு? ஒன் ஆய்வு என்னைக்கும் முடியாதுன்னு அவனுக்குத் தெரியும்லா."

மனிதர்களை நம்பாத குணம் அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு உண்டு. எல்லோரையும் மயக்க நிலையிலேயே பார்த்துப் பழகியவர்கள்.

ஆய்வு தொடங்கிய ஆண்டு மழை பொய்த்தது. வடகிழக்குப் பருவமழை வருமென்று கணக்கெடுப்பவர்கள் குடையும் வினாத்தாளுமாகக் காத்திருந்தார்கள். வானம் வெளுத்துக் கிடந்தது. மழையில்லாத மழைக்காலத்தில் எடுத்த கணக்கை மழைக்காலக் கணக்கு என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் என் ஆய்வேட்டுக்கு நானே துரோகம் செய்தவளாவேன். ஓராண்டு தள்ளி வைத்தோம். அடுத்த ஆண்டு வெள்ளம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "நீங்கள் முதன்முதலில் புகைத்தது எப்போது?" என்று கேட்டால் ஒருவர் என்ன பதில் சொல்வார்? ஒரு மாணவன் கணக்கெடுக்கப் போன பெண்ணிடம், "அக்கா, முதல்ல படகைப் புடிங்க" என்றானாம். அதைத் தரவாக ஏற்க முடியாது. மீண்டும் தள்ளி வைத்தோம். அறிக்கையில் தெளிவாக எழுதினேன்: "இயல்பான பருவமழை பெய்யும் ஆண்டு வரை காத்திருப்பது அறிவியலுக்கு உகந்தது."

அந்த வாக்கியத்தைச் சாரநாதன் தம் மன்றத்தின் ஆண்டு மலரில் என் படத்தோடு வெளியிட்டார். படம் நன்றாக இருந்தது. அனுமதி கேட்டுத்தான் போட்டார்.

இதற்கிடையில் சிறுவணிகர்களைக் குழு நேரில் விசாரித்தது. சாரநாதன் மூன்று பெட்டிக்கடைக்காரர்களை அழைத்து வந்திருந்தார். மூவரும் வெவ்வேறு ஊர். மூவரும் கைகட்டி நின்று, "உதிரி வியாபாரம் நின்னு போச்சுன்னா எங்க குடும்பம் நடுத்தெருவுல நிக்கும், பிள்ளைங்க படிப்பு பாழாயிடும்" என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "நடுத்தெருவுல" என்ற இடத்தில் மூவருக்கும் தொண்டை அடைத்தது. பிலோமினா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கு அவமானமாகிவிட்டது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சாட்சிகள் இவ்வளவு துல்லியமாக உடன்படுவது எவ்வளவு அரிது தெரியுமா? அதை மதிக்க வேண்டாமா?

கூட்டம் முடிந்ததும் சாரநாதன் வருத்தத்தோடு சொன்னார்: "டாக்டரம்மா மேல எனக்கு ரொம்ப மரியாதை மேடம். ஆனா தினமும் வாயில கட்டியோட வர்றவங்களையே பாத்துக்கிட்டிருக்காங்க. பாவம், அவங்களால எப்படி நடுநிலையா இருக்க முடியும்?"

யோசித்துப் பாருங்கள். நியாயமான கேள்விதானே? நான் வாழ்நாளில் ஒரு புற்றுநோயாளியையும் அருகில் பார்த்ததில்லை. ஆகவே எனக்கு எந்தச் சாய்வும் கிடையாது. அவளுக்கு எப்படி இல்லாமல் இருக்கும்?

காட்பாடி வந்துவிட்டதா? இருங்கள், எழுந்துவிடாதீர்கள். இனிமேல்தான் முக்கியமான இடம்.

குழுவின் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. அதற்குள் கையெழுத்தாகி மேலே போகாவிட்டால் வரைவு விதி காலாவதியாகிவிடும். தலைவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பேராசிரியர் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினா நான் கையெழுத்துப் போடறேன்." ஞாயிற்றுக்கிழமை காலை பிலோமினா கோயிலில் பூசை முடித்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். பட்டுப்புடவை, கையில் ஜெபமாலை, முகத்தில் கோபம். என் கணவர் அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, குளிக்கப் போவதாகச் சொல்லிப் போனார். அன்றைக்கு அவர் குளித்தது அது இரண்டாம் முறை.

"ஏட்டி வசு, சண்டை போட வரல. கேட்டுக்கிட்டுப் போக வந்தேன்" என்றாள். "முந்தாநாள் ஒருத்தனுக்கு நாக்குல பாதியை எடுத்தேன். முப்பத்தோரு வயசு. பொண்டாட்டி மாசமா இருக்கா. மொத சிகரெட்டு எப்பன்னு கேட்டேன். பேச முடியாதுல்லா, எழுதிக் காட்டுதான். எட்டாங்கிளாஸாம். ஸ்கூல் பக்கத்துக் கடையில. ஒண்ணுக்குத்தான் காசு இருந்துச்சாம்."

எனக்கும் மனம் இருக்கிறது. பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். பிறகு, "பிலோ, ஒரு நோயாளியை வைத்து..." என்று தொடங்கினேன்.

"மாதிரி எண்ணிக்கை ஒண்ணுன்னு சொல்லப் போறே. சொல்லாத. கைய நீட்டிருவேன்." காபியைக் கீழே வைத்தாள். "நான் வேற ஒண்ணு கேக்கேன். அந்த சாரநாதன் ஒன் தீசிஸைப் படிச்சிருக்கானா?"

"படித்திருக்கிறார்."

"எப்படித் தெரியும்?"

"அவரே சொன்னார்."

"கேட்டுப் பாத்தியா?"

"ஒருவரைப் பார்த்து, 'நீர் படித்தீரா?' என்று வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதா? அது அநாகரிகம்."

"சரி. இப்ப கேளு. இந்தா, இங்கயே, என் முன்னால போனைப் போடு. முடிவுல நீ என்ன சொல்லிருக்கேன்னு கேளு. அவன் சரியா சொல்லிட்டான்னா, ஒன் கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கேன், இந்த விதியப் பத்தி இனிமே வாயத் திறக்க மாட்டேன். சொல்லலேன்னா நீ வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போடணும். சம்மதமா?"

சோதனை என்றால் எனக்குப் பிடிக்கும். கருதுகோள் தெளிவாக இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சாரநாதன், ஒரு கேள்வி. என் ஆய்வேட்டின் முடிவுரையில் நான் என்ன சொல்லியிருக்கிறேன்?"

மறுமுனையில் கண்ணாடியைத் துடைத்திருப்பார். பிலோமினா புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தாள். என் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று உங்களிடம் சொல்வதற்கென்ன! என் வாய்மொழித் தேர்வில்கூட அப்படி அடித்ததில்லை.

"மேடம், அதை மறக்க முடியுமா?" என்றார். "அவ்வளவு உழைச்சிட்டு, கடைசியில எவ்வளவு அடக்கமா முடிச்சிருக்கீங்க. 'இத்துறையில் மேலும் விரிவான ஆய்வு தேவை'ன்னு."

சரி! முற்றிலும் சரி! அதுதான் என் ஆய்வேட்டின் கடைசி வாக்கியம்! நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். பிலோமினாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்படியொரு பார்வையை விடுதி நாட்களில்கூட நான் கண்டதில்லை. என்னைப் பரிசோதித்துவிட்டு, வீட்டாரிடம் எப்படிச் சொல்வதென்று யோசிப்பவளைப்போல் இருந்தாள்.

"ஏட்டி," என்றாள், மிகவும் மெதுவாக, "எல்லாத் தீசிஸும் அப்படித்தாம்ட்டி முடியும்."

"எல்லாம் என்றால் எத்தனை? நீ எத்தனை படித்திருக்கிறாய்? எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தாய்?"

அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலில் விழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தவள் கேட்டிருக்க வேண்டாமா? சோதனையில் தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்வதுதானே முறை? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சொன்ன சொல்லில் பாதியைக் காப்பாற்றினாள். அந்த விதியைப் பற்றி அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. எதைப் பற்றியும் என்னிடம் வாய் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வழக்கமாக அவள் வீட்டிலிருந்து வருகிற முந்திரிக்கொத்துப் பலகாரமும் வரவில்லை. ஆம், அதை வாங்கிக்கொள்வேன். அது வேறு.

விதி காலாவதியாகிவிட்டது. இப்போது புதிய குழு. தலைவர் யார் தெரியுமா? நான்தான். என் பெயரை யார் பரிந்துரைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் கடமைப்பட்டவளாகிவிடுவேன். நோயோடு தொழில்முறைத் தொடர்பு உடையவர்கள் குழுவில் இருக்கக் கூடாது என்று நடுநிலைக்காக ஒரு நெறிமுறையும் எழுதினேன். நாளை கோவையில் "அறிவியலில் நேர்மை" என்ற கருத்தரங்கில் அதைப் பற்றித்தான் என் தலைமையுரை. நடத்துவது சாரநாதனின் மன்றம். விமானச்சீட்டு அனுப்பியதும் அவர்கள்தான். இப்போது புரிகிறதா, நான் ஏன் சொந்தக் காசில் இரயிலில் வருகிறேன் என்று?

புதிய குழுவில் வேலை மிக அமைதியாக நடக்கிறது. எல்லோரும் "மேடம்" என்கிறார்கள். மேசைக்கடியில் எவரும் காலை மிதிப்பதில்லை. நான் எதைச் சொன்னாலும் உடனே ஒருமனதாக நிறைவேறிவிடுகிறது. சில நாள் எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. ஏனென்றால் பாருங்கள், எல்லாப் பதிவுகளும் ஒன்றுபோலவே வந்தால் அவற்றை நம்பாதே, அளந்தவர்கள் மழையைப் பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள் என்பதுதான் என் நான்காம் அதிகாரத்தின் சாரமே. அதை அழுத்தந்திருத்தமாக எழுதியிருக்கிறேன். ஒருவராவது அதைப் படித்திருந்தால் இந்நேரம் என்னிடம் சொல்லியிருப்பார்.